செல்லபாயின் வெள்ளெழுத்துக் கண்ணாடி

தூண்டில் இரைக்குச் செல்லபாய் கணவாய் மீன் வெட்டுவது தையல் கத்தரியால்தான். துணிக்கு இனி ஆகாது என்று ஒதுக்கிய பழைய கத்தரி. அரிவாள்மனையில் வைத்தால் கணவாய் வழுக்கும், கோணும், ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாகப் போகும். அது அவளுக்குப் பொறுக்காது. சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கரமனை வீட்டு அடுக்களையில் பழைய பத்திரிகையை விரித்து, மூக்கில் வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டாள். பைப்பிங்குக்குத் துணி எடுப்பதுபோல ஒரே அகலத்தில் வெள்ளைக் கீற்றுகள் கத்தரியிலிருந்து விழுந்துகொண்டிருந்தன. தூண்டில் போடப் போகிறவள் அவள் இல்லை, கணவர் சுவாமிதாஸ். அவர் முன்னறையில் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏ பிள்ளே, எனக்க தொப்பிய எங்க வச்ச?"

"ஒங்க தலையில."

அவர் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தேடியதே தொப்பியை அல்ல என்பதுபோல ஜன்னலை மூடினார்.

தம்பானூர் சந்துகளில் இருக்கிற லாட்ஜுகளுக்குத் தலையணை உறை தைப்பது செல்லபாயின் தொழில். ஜன்னல் திரையும் மெத்தை விரிப்பும் தைப்பாள் என்றாலும் பேர் வாங்கியது உறையில்தான். வாய்ப்பக்கத்தை ஒரு சாண் உள்ளே மடித்துத் தைத்துவிடுவாள். படுத்தவர் எப்படிப் புரண்டாலும் தலையணை வெளியே எட்டிப் பார்க்காது. வீட்டில் சீரியல் ஓடும். கதாநாயகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடப்பாள். மகள் ஆர்ஷா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். செல்லபாய் மட்டும், "பாரு, உறைய மறுபுறமாட்டு போட்டிருக்கானுவ" என்பாள்.

கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் சரிசெய்யாமல் கீழே வைக்க அவளால் முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். சர்ச்சில் பிரசங்கம் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஜிப் மாட்டிக்கொண்ட பையோ, சிக்கு விழுந்த செயினோ அவள் மடிக்கு வந்து சேரும். பிரசங்கம் முடியும்போது சரியாகித் திரும்பிப் போகும். என்ன பிரசங்கம் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

போன செப்டம்பரிலும் இதேபோல் ஒரு சனிக்கிழமை விழிஞ்ஞத்திலிருந்து பத்ரோஸின் வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். சுவாமிதாஸுக்கும் அவர் கூட்டாளி லிங்கத்துக்கும் மீன் வேண்டும். செல்லபாய்க்கும் ஆர்ஷாவுக்கும் பறவை. முதலில் பாரில், அதாவது கடலடிப் பாறை இருக்கிற இடத்தில், வள்ளத்தை நிறுத்தித் தூண்டில். வெயில் ஏறியதும் கரை மறைகிற ஆழத்துக்குப் போய்ப் பறவை. அப்படித்தான் பேச்சு. ஆனால் பாரில் நின்ற கொஞ்ச நேரத்திலேயே செல்லபாய் வள்ளத்தின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டாள். முகம் வெளுத்ததைப் பார்த்துப் பயந்துபோய் வள்ளத்தைத் திருப்பினார்கள். மீனும் இல்லை, பறவையும் இல்லை.

அன்று முதல் அது சுவாமிதாஸின் கதை ஆகிவிட்டது. சர்ச் வாசலிலும் கல்யாண வீட்டிலும் லிங்கத்தின் டீக்கடையிலும் அவர் அதைச் சொல்வார். "மீன் வாயத் தொறக்கப் போற நேரம் பாத்து இவ வாயத் தொறந்துட்டா." பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கதையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "ஓடுத பஸ்ஸுல கம்பியப் பிடிக்காம நின்னு டிக்கெட் கொடுத்தவன் நான். கடலு என்னைய என்ன செய்யும்?"

செல்லபாய்க்கு ஒரு சந்தேகம் இருந்தது. பிறகு ஒருநாள் களியக்காவிளைக்கு பஸ்ஸில் போகும்போது மடியில் ஒரு ஜாக்கெட்டை வைத்துத் தையல் பிரித்துக்கொண்டே போனாள். பாலராமபுரம் தாண்டியதும் அதே குமட்டல். துணியைச் சுருட்டிவிட்டுத் தூரத்துத் தென்னைகளைப் பார்த்தாள். நெய்யாற்றின்கரை வருவதற்குள் சரியாகிவிட்டது. திரும்பி வரும்போது வேண்டுமென்றே மறுபடி பிரித்தாள். குமட்டியது. நிமிர்ந்தாள். நின்றது.

"என்னைய ஆட்டுனது கடலில்ல மக்களே" என்று அன்று ஆர்ஷாவிடம் சொன்னாள். "உங்க அப்பாவுக்க தூண்டிலு."

உண்மைதான். போன வருடம் வள்ளத்தில் ஏறியதிலிருந்து அவள் தலை நிமிரவே இல்லை. சுவாமிதாஸின் தூண்டில் முள்ளைக் கட்டியது அவள். லிங்கத்தின் நூல் சிக்கை எடுத்தது அவள். ஆர்ஷாவின் பைனாகுலர் வாரில் அறுந்த கொக்கியை ஊசியால் இழுத்துத் தைத்ததும் அவள்தான்.

பறவைப் பித்து அவளுக்கு வந்தது வெள்ளெழுத்தோடு. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி இல்லாமல் முடியாது என்று ஆன அதே சமயத்தில், எதிர்வீட்டு மாடியில் காய்கிற போர்வையில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்பது இங்கிருந்தே தெரிந்தது. "கிட்டத்துல உள்ளத எடுத்துக்கிட்டு எட்டத்துல உள்ளத வச்சிருக்காரு கர்த்தரு" என்றாள். ஆர்ஷா ஒரு பறவை பார்க்கும் கூட்டத்தோடு வெள்ளாயணிக்கும் சங்குமுகத்துக்கும் போகிறவள். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு துணைக்குப் போன அம்மா, கொஞ்ச நாளில் பையை மகளிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

ஒருநாள் ஆர்ஷா போனில் ஒரு படம் காட்டினாள். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய கறுத்த பறவை. வால் தொடங்குகிற இடத்தில் வெள்ளைப்பட்டை. நடுக்கடலில் இரண்டு காலையும் தொங்கவிட்டு, தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. மலையாளத்தில் காற்றிளக்கி என்று பேர். செல்லபாய் போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"கரைக்கு வராதா இது?"

"முட்ட இடதுக்கு மாத்ரம் வரும்மா. அதும் எங்கயோ தூரத்துத் தீவுல. பின்ன எப்பவும் கடலுதான்."

"எப்பவுமா?" என்றாள். மறுபடியும் பார்த்தாள். "அப்ப வீட்டு வேலைய எல்லாம் ஆரு பாப்பா?"

அந்தப் பறவையை நேரில் பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவுசெய்துவிட்டாள்.

ஆகவே இந்த வருடம் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "கரையில உள்ள வேல எல்லாம் செஞ்சு தாறேன். வள்ளத்துல ஏறிட்டா எனக்க கையில ஒண்ணும் தரப்பிடாது." சுவாமிதாஸ் சிரித்தார். "ஒனக்க கை சும்மா இருக்குமா? பாப்போம்." அவள் ஒரு வாரமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தங்கூசி என்கிற நைலான் நூலில் முள் கட்டி, ஈயக்கட்டி கோத்து, பழைய ஹவாய் செருப்பின் ரப்பரில் வரிசையாகக் குத்தி வைத்தாள். மூன்று பேர் நாள் முழுக்கப் போட்டாலும் தீராத அளவு முள். கணவாயைக் கடைசியாக வெட்டி டப்பாவில் அடைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தையல் மிஷின்மேல் வைத்தாள். அதை அவள் மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் வைத்தாள். தன் கையைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

போகிற வழியில் பழவங்காடியில் ஆட்டோ நின்றது. கோயில் வாசலில் லிங்கம் தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஏறினார். பக்கத்துச் சந்தில் அவருடைய டீக்கடை அந்நேரத்துக்கே திறந்திருந்தது. சுவாமிதாஸ் அங்கே இறங்கி, புட்டும் பயறும் பப்படமும் பிசைந்து நன்றாகச் சாப்பிட்டார். செல்லபாய் ஆட்டோவிலேயே இருந்து இரண்டு ரஸ்க்கை, டீயில் நனைக்காமல், கடித்துத் தின்றாள்.

"மைனி, இந்த வருசம் ரஸ்க்காவது கரைக்குத் திரும்பி வருமா?" என்றார் லிங்கம்.

"வரும் லிங்கம். ஒமக்க அண்ணாச்சிக்க புட்டுக்குத்தான் வழி தெரியாது."

விழிஞ்ஞத்தில் பத்ரோஸ் இரை டப்பாவைத் திறந்து பார்த்தார். ஒரு கீற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "சேச்சி, இது மீனுக்கோ, கல்யாணப் பெண்ணுக்கோ?"

"மீனுக்கும் ஒரு மரியாத வேண்டாமா பத்ரோஸே."

வள்ளத்தின் முன்பக்கத்துப் பலகையில் அவள் உட்கார்ந்தாள். வலதுகை விளிம்பில், இடதுகை பலகையில். கடலும் வானமும் சேர்கிற கோட்டில் கண்ணை வைத்தவள் எடுக்கவில்லை. கரையும் துறைமுகச் சுவரும் பின்னால் போயின. ஆர்ஷா, "அம்மா, இந்தத் தொப்பிக்க கயிறு..." என்று தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். லிங்கம் பிளாஸ்க் மூடியைத் திறக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டினார். செல்லபாயின் இடதுகை பலகையிலிருந்து மெல்ல எழும்பியது. அதை அவளே மறுபடி அமுக்கி வைத்தாள்.

பாரில் என்ஜின் நின்றதும் வள்ளம் ஆடத் தொடங்கியது. முன்னும் பின்னுமாக இல்லை, பக்கவாட்டில், சோம்பேறித்தனமாக. போன வருடம் இந்த ஆட்டத்தில்தான் எல்லாம் போனது. செல்லபாய் உதட்டைக் கடித்துக்கொண்டு தூரத்துக் கோட்டையே பார்த்தாள். வயிறு ஒருமுறை புரண்டது. அப்புறம் அடங்கியது.

லிங்கத்துக்குக் கலவா மீன் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. சுவாமிதாஸுக்குப் பாறைதான் கிடைத்தது. பத்ரோஸ், "தாழ விடாத அண்ணா, பாருல உடக்கும்" என்றதை அவர் கேட்கவில்லை. பெரிய மீன் அடியில்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. முள் மாட்டும், இழுப்பார், நூல் அறும். செருப்பிலிருந்து அடுத்த முள். நாள் முழுக்கப் போதும் என்று செல்லபாய் கட்டியதெல்லாம் வெயில் ஏறுவதற்குள் கடலடியில் போய்ச் சேர்ந்தது. வெறும் முள்ளும் நூல்கண்டும்தான் மிச்சம். பக்கத்தில் லிங்கம் மூன்றாவது மீனைத் தூக்கினார்.

சுவாமிதாஸ் முள்ளையும் நூலையும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தார். "இந்நா பிள்ளே, ஒண்ணே ஒண்ணு கட்டித் தா. கடைசி."

"சொல்லியாச்சுல்லா."

"ஒரு முள்ளுக்கு என்ன வந்துது? ஒனக்கு ஒரு நிமிசம்."

முள் அவள் முகத்துக்கு நேரே ஆடியது. நூலின் நுனி பிசிறியிருந்தது. பிசிறை வெட்டி, ஏழு சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கினால் முடிந்தது. விரல்கள் பலகையை விட்டுப் புறப்பட்டேவிட்டன.

"கண்ணாடி இல்ல" என்றாள்.

"எங்க?"

"வீட்டுல. மிஷின் மேல."

லிங்கம்தான் முதலில் சிரித்தார். "அண்ணாச்சி, மைனி நமக்கு முன்னமே முள்ளு போட்டாச்சு." பத்ரோஸும் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

சுவாமிதாஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. பலகையின் நடுவில் போய் உட்கார்ந்து, முழங்காலுக்கு இடையில் தலையைக் குனிந்து, முள்ளின் காதில் நூலைக் கோக்கத் தொடங்கினார். வள்ளம் பக்கவாட்டில் ஆடியது. முள் ஒருபக்கம் போனது, நூல் மறுபக்கம் போனது. கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். செல்லபாய் திரும்பிப் பார்க்கவில்லை. என்றாலும், "குனியாதீங்க. நிமிந்து தூரத்தப் பாருங்க" என்று கடலைப் பார்த்தே சொன்னாள்.

"எனக்கு நீ சொல்லித் தாறியா? ஓடுத பஸ்ஸுல..."

வாக்கியத்தை முடிக்காமல் விளிம்புக்குப் பாய்ந்தார். புட்டு, பயறு, பப்படம், எல்லாம் கடலுக்குப் போனது. லிங்கம் அவர் முதுகைத் தடவினார். கொஞ்சம் தெளிந்ததும் சுவாமிதாஸ் கையை மட்டும் தூக்கிக் கரைப்பக்கம் காட்டினார். "பத்ரோஸே, திருப்பு. மதி, போதும்."

பத்ரோஸ் என்ஜினில் கை வைத்துக்கொண்டு செல்லபாயைப் பார்த்தார். ஆர்ஷாவும் பார்த்தாள். வெயில் ஏறியிருந்தது. மீனின் நேரம் முடிந்து பறவையின் நேரம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். இப்போது திரும்பினால் இனி அடுத்த செப்டம்பர். அடுத்த செப்டம்பரில் ஒரு கல்யாணம் வரும், இல்லையென்றால் காற்று வரும், இல்லையென்றால் லாட்ஜுக்காரர்கள் ஓணத்துக்கு முன்பே உறை கேட்பார்கள்.

"போட்டும் பத்ரோஸே. வெளிக்கடலுக்குப் போட்டும்" என்றாள்.

"ஏ பிள்ளே, நான் செத்துருவேன்."

"சாவ மாட்டீங்க. போன வருசம் நானும் அப்பிடித்தான் நெனச்சேன்." எழுந்து, பலகையைப் பிடித்துப் பிடித்து நடுவுக்கு வந்தாள். கணவரின் சட்டைக் காலரை ஒரு கையால் பற்றித் தூக்கி, முன்பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இஞ்ச இரிங்க. அந்தக் கோட்டப் பாருங்க. வேற எதையும் பாக்கப்பிடாது."

"கண்ணு தொறக்க முடியல்ல."

"அப்ப மூடிக்கிட்டு இரிங்க. வாயையும் சேத்து."

வள்ளம் வேகம் எடுத்தது. கரை ஒரு சாம்பல் கீற்றாகி, அதுவும் கரைந்தது. தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து கருநீலமாக மாறியது. செல்லபாய் காலரை விடவில்லை. முதலில் வலப்பக்கம் எதையோ காட்டி, "அதா மக்களே!" என்றாள். ஆர்ஷா பைனாகுலரில் பார்த்து, "அம்மா, அது பிளாஸ்டிக் கவர்" என்றாள். அடுத்ததாக அவள் காட்டியது உண்மையிலேயே பறவை, ஆனால் ஆலா. கரையில் தினமும் பார்க்கிற ஆலா. "மைனி, அடுத்தது லிங்கத்துக்க கடைக் காக்காவா இருக்கும்" என்றார் லிங்கம். செல்லபாய் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கோட்டைப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. பத்ரோஸ் டீசல் கேனைத் தட்டிப் பார்த்தார். "சேச்சி, டீசல் இன்னும் கொஞ்சம்தான்" என்றார்.

"கொஞ்சம் உண்டுல்லா? போட்டும்."

ஆர்ஷாதான் முதலில் கண்டாள். "அம்மே! இடது! தண்ணீல, நேரே தண்ணீல நோக்கு!"

கருநீலத்தின் மேல் கறுப்பாக ஒன்று. அலை தூக்கியபோது தெரிந்தது, தாழ்ந்தபோது மறைந்தது. அப்புறம் வள்ளத்தின் பக்கமாகவே வந்தது. வால் தொடங்குமிடத்தில் வெள்ளைப்பட்டை. குச்சிக் கால்கள் இரண்டும் தொங்கின. சிறகை விரித்தபடி நின்று, தண்ணீரைத் தொட்டது, எழும்பியது, தொட்டது, எழும்பியது. பின்னால் இன்னொன்று. ஆர்ஷா பைனாகுலரை அம்மாவிடம் நீட்டினாள். செல்லபாய் அதைத் தலையசைத்துத் தள்ளினாள். பத்ரோஸ் என்ஜினை நிறுத்திவிட்டார். வள்ளம் ஆடியது. அவளுக்கு அது தெரியவில்லை.

"ஓட்டுத்தையல் போடுது பாரு" என்றாள் மெதுவாக. "நூலே இல்லாம."

பறவை அலையின் சரிவில் தைத்துக்கொண்டே போய், அடுத்த அலைக்கு அப்பால் மறைந்தது. அது போன திசையையே அவள் வெகுநேரம் பார்த்தாள். அப்போதுதான் வலதுகையின் நினைவு வந்து, கணவரின் காலரைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"கண்டீங்களா?"

சுவாமிதாஸ் இறுக மூடிய கண்ணோடு, "எத்தற தூரம் கரைக்கு?" என்றார்.

மத்தியானம் தாண்டி வீடு வந்தார்கள். மீனை லிங்கம் பாதியாகப் பங்கு வைத்துக் கொடுத்தார். செல்லபாய் ஒரு கலவாவைக் குழம்பு வைத்தாள். சுவாமிதாஸ் குளித்து, உண்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது தரை மறுபடி அவர் சொன்னபடி கேட்டது. நாகர்கோவிலில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டார். "நல்ல மீன் கேட்டியா. கொத்திக்கிட்டே இருந்துது. உங்க மைனிக்க குருவிக்கு வேண்டித்தான் விட்டுட்டு வரவேண்டியதாப் போச்சு." அடுத்த அறையில் ஆர்ஷா சிரித்த சத்தம் கேட்டது.

செல்லபாய் முன்னறைக்கு வந்தபோது அவர் நாற்காலியில் இருந்தார். மடியில் வள்ளத்திலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு வந்த தங்கூசி நூல். நூலா, சிக்கா என்று தெரியாத ஒரு பெரிய பந்து. ஒரு கையில் அதைத் தூக்கினார். மறு கையில் அவள் கண்ணாடி. மிஷின்மேலிருந்து அவரே எடுத்து வந்திருந்தார்.

"இப்ப வீட்டுலதான இருக்கோம்? கரையில உள்ளதெல்லாம் செஞ்சு தாறேன்னு நீதான சொன்ன?"

சொன்னதுதான். செல்லபாய் சிக்கைப் பார்த்தாள். மேலேயே ஒரு நுனி தெரிந்தது. அதைப் பிடித்து இரண்டு வளையத்தைத் தளர்த்தினால் மிச்சம் தானாக வரும். கை நீண்டது. கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். புடவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்தாள். குனிந்து, அதை அவர் மூக்கில் வைத்து, காதுக்குப் பின்னால் சரியாகப் பதிகிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் பெரிதாகிவிட்ட கண்களோடு சுவாமிதாஸ் நிமிர்ந்தார். "அப்ப அடுத்த வருசம் எனக்கு முள்ளு ஆரு கட்டித் தருவா?"

செல்லபாய் மாடிக் கதவின் கொண்டியை எடுத்துவிட்டு, தூரத்து வானத்தைப் பார்க்க வெளியே போனாள்.